பங்கருக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பன்

கேள்வி: "ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் ஆடும் ஒரு பெயிண்ட்பால் அணியில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். என்னை அந்த அணியில் சேர்த்துவிட்டதே என் நெருங்கிய நண்பன்தான். இந்தப் பருவத்தில் அவன் ஆடிவந்த ஸ்னேக் பக்க இடத்தை, அதாவது மைதானத்தின் ஓரமாக நீளும் தாழ்வான தடுப்புக்குப் பின்னால் தவழ்ந்து ஆடும் இடத்தை, பயிற்சியாளர் எனக்குக் கொடுத்துவிட்டார். அவன் வேறோர் அணிக்குப் போய்விட்டான். அடுத்த போட்டியில் இரு அணிகளும் ஒரே பிரிவில் மோதப் போகின்றன. நட்பையும் இழக்காமல், ஆட்டத்திலும் விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சாயக் குண்டுகளால் எதிரணியினரை அடித்து வெளியேற்றும் இந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகள் பயணம் செய்து ஆடியவன், பின்னர் இளைய அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில், இந்த நட்பு எந்த இடத்தில் தாங்குகிறது, எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்று நான் கண்டதை எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதிரணியில் நிற்கும் நண்பனோடு எப்படி மோதுவது என்பது ஒன்று. ஒரே அணிக்குள் ஒரே இடத்துக்காக இருவர் நின்றதால் வந்த கசப்பை எப்படிக் கடப்பது என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலாவதுதான் கடினமாகத் தெரியும். ஆடியவர்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. இந்த விளையாட்டு பிறந்ததே நண்பர்களுக்குள் எழுந்த ஒரு வாக்குவாதத்தில்தான். எழுத்தாளரான சார்லஸ் கெய்ன்ஸும் பங்குச் சந்தை வணிகரான ஹேஸ் நோயலும், நகரத்தில் பிழைக்கத் தெரிந்தவன் காட்டில் விட்டாலும் பிழைத்துக்கொள்வானா, அல்லது காட்டில் பழகியவனுக்குத்தான் அங்கே கை ஓங்குமா என்று தமக்குள் விவாதித்து வந்தார்கள். பேசித் தீராத அந்த வழக்கை ஆடியே தீர்த்துவிடலாம் என்று பாப் கர்ன்சி என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு விதிகளை வகுத்தார்கள். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்ற ஊரில் உள்ள காட்டுக்குள் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007 என்ற கருவி. மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் தொலைவிலிருந்தே சாயக் குறி வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. இன்றும் நாம் நம் கருவியைத் துப்பாக்கி என்று சொல்லாமல் மார்க்கர் என்று சொல்வது அந்தப் பிறப்பின் அடையாளம். அன்று வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற காட்டுத்தொழில் அறிந்த மனிதர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல், ஒருவர் கண்ணிலும் படாமல், வைக்கப்பட்டிருந்த கொடிகளையெல்லாம் சேகரித்துக்கொண்டு வெளியே வந்தார். இந்த விளையாட்டில் நட்பு முதலில் இருந்தது என்பதும், போட்டி அதன் உள்ளிருந்துதான் கிளம்பியது என்பதும் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன.

இன்று நாம் ஆடுவது காட்டில் அல்ல. ஏறத்தாழ 150 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்ட புல்வெளியில், மறைந்து நிற்பதற்கான காற்றடைத்த தடுப்புகளான பங்கர்களுக்கு நடுவே, ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடுகிறோம். ஒரு புள்ளிக்கான சுற்று சில நொடிகளில் முடிந்துவிடலாம், சில நிமிடங்கள் இழுக்கவும் செய்யலாம். பிரிவைப் பொறுத்து நான்கு புள்ளியோ அதற்கு மேலோ முதலில் எடுக்கும் அணி வெல்கிறது. அளவும் வேகமும் மாறிவிட்டன என்றாலும், ஆட்டத்தின் அடியில் கிடக்கும் ஒரு விஷயம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. அடிபட்டவன் தான் அடிபட்டதை ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும் என்பதே அது.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதில்தான் இருக்கிறது. நாம் சுடும் குண்டு 0.68 அங்குல விட்டமுள்ள ஒரு ஜெலட்டின் உறை. உள்ளே கழுவினால் போகும் சாயக் கூழ். அதிகபட்சமாக நொடிக்கு 300 அடி வேகத்தில், அதாவது 90 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில், அது மார்க்கரை விட்டுக் கிளம்புகிறது. உடம்பில் பட்டு உடைந்தால் நீங்கள் வெளியே. உடையாமல் துள்ளிப் போனால் ஆட்டத்தில் தொடரலாம். போட்டி ஆட்டத்தில், மார்க்கரின் மேல் குண்டுகள் நிரப்பும் ஹாப்பரில் பட்டாலும், மார்க்கரில் பட்டாலும், மாற்றுக் குண்டுக் குப்பிகளான பாட்களை வைத்து இடுப்பில் கட்டிய பாட் பையில் பட்டாலும் கணக்குதான். தோளில் பட்டது உங்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் ஸ்னேக்கில் வயிற்றை மண்ணில் அழுத்தித் தவழ்ந்துகொண்டிருக்கும்போது முதுகுப்புறப் பையின் நுனியில் உடைந்த ஒன்றை நீங்கள் உணரவே மாட்டீர்கள். நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும், பத்துப் பேரின் உடம்பின் எல்லாப் பக்கங்களையும் அவர்களால் ஒரே நேரத்தில் பார்த்துவிட முடியாது. ஆகவே, உணர்ந்த அடிக்குக் கையைத் தூக்கி வெளியே போவதும், சந்தேகம் வந்தால் பார்க்கச் சொல்லிக் கேட்பதும் கடைசியில் வீரனின் கையில்தான் இருக்கின்றன.

இந்த நம்பிக்கையை உடைப்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு: துடைத்தல். பங்கருக்குப் பின்னால் குனிந்து, கையுறையால் சாயத்தை வழித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது. பழைய போட்டிகளில் துடைத்துவிட்டுப் பிடிபட்டவனோடு சேர்த்து அவன் அணியினர் மூவரையும் நடுவர் மைதானத்திலிருந்து பிடுங்கிவிடுவார். ஒருவன் செய்த பொய்க்கு ஒரு குழுவே விலை கொடுத்தது. இன்றைய தண்டனை முறைகளில் அணி குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஆள் குறைவாக ஆட நேரிடுகிறது. விதிப் புத்தகத்தில் உள்ள தண்டனை இவ்வளவுதான். ஆனால் பயண ஆட்டக்காரர்களின் உலகம் மிகச் சிறியது. வெவ்வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப அதே முகங்களைத்தான் பார்ப்போம். துடைப்பவன் என்று ஒருவனுக்கு ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அது அவன் எந்த அணிக்கு மாறினாலும் அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

எனவே, உங்கள் நண்பனுக்கு எதிராக ஆடும்போது அவனுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய முதல் மரியாதை, அவன் அடித்த அடியை அடி என்று ஒப்புக்கொள்வது. இதைவிடப் பெரிய சலுகை ஒன்றையும் அவன் உங்களிடம் எதிர்பார்க்கமாட்டான். எதிர்பார்த்தாலும் நீங்கள் கொடுக்கக்கூடாது.

கொடுக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போட்டி மைதானத்தின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல அமைக்கப்படுகின்றன. இந்தப் பக்கம் ஸ்னேக் இருந்தால் அதே வரிசையில் அந்தப் பக்கமும் ஸ்னேக். இங்கே டொரிட்டோக்கள் எனும் முக்கோணப் பங்கர்கள் எந்த இடைவெளியில் நிற்கின்றனவோ அங்கேயும் அப்படியே. இதனால் ஸ்னேக் பக்கம் ஆடுபவனுக்கு எதிரே, ஆட்டம் முழுவதும், எதிரணியின் ஸ்னேக் ஆட்டக்காரன்தான் இருப்பான். அவன் முதல் ஓட்டத்தில் எந்தத் தோளை முன்னே போடுகிறான், பங்கரின் மேலே எட்டிப் பார்ப்பவனா பக்கவாட்டில் பார்ப்பவனா, பதற்றம் வந்தால் எத்தனை குண்டுகளை வீணடிக்கிறான் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். சொந்த வீட்டாருக்குக்கூடத் தெரியாத ஒரு பக்கத்தை அந்த எதிராளி அறிந்து வைத்திருப்பான். நான் ஆடிய காலத்தில் எனக்கு நேர் எதிரே பல பருவங்கள் நின்ற ஒருவர் உண்டு. நாங்கள் பேசிக்கொண்ட சொற்களை எண்ணிவிடலாம். ஆனால் நான் முழங்காலில் அடிபட்டு ஒரு பருவம் ஆடாமல் இருந்தபோது, முதலில் வந்த விசாரிப்பு அவரிடமிருந்துதான் வந்தது. எதிரே ஆள் மாறியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அந்த இடத்தில் உங்கள் நண்பன் வந்து நிற்கிறான். அவனுக்காக நீங்கள் அரை நொடி தயங்கினால், அவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். ஸ்னேக்கின் நடுப்பகுதிவரை வந்துவிட்ட ஒருவனை, பங்கரைச் சுற்றி ஓடிப்போய் மிக அருகிலிருந்து அடித்து வெளியேற்றும் தருணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தயங்குபவன் தானும் அடிபட்டு, இருவருமாக வெளியே நடக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், தன்னை நண்பன் இரக்கப்பட்டு விட்டான் என்ற நினைப்போடு அவன் அந்த இரவைக் கழிப்பது. ஓடுங்கள், அடியுங்கள். நட்பு தெரிய வேண்டிய இடம் அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. நம் மார்க்கர்கள் நொடிக்குப் பத்துக்குச் சற்று மேலான குண்டுகளைச் சுடுமாறு வரையறுக்கப்பட்டிருக்கின்றன. விரலை எடுக்க மூளை சொல்வதற்குள் மூன்று நான்கு போய்விடும். ஆயினும், கையைத் தூக்கிவிட்டவன்மேல் மேலும் ஐந்தாறு குண்டுகளை இறக்குவதற்கும், ஹாப்பரையோ பாட் பையையோ குறிவைத்து ஓரிரண்டோடு விரலை எடுத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாங்கியவனின் முதுகு நன்றாக அறியும். பழகிய கைக்கு இது முடியும். பயிற்சியில் இதையே தனியாகச் செய்து பழகச் சொல்வது என் வழக்கம்.

அடுத்து, மைதானத்துக்கு வெளியே. பயணம் செய்து ஆடுபவர்களுக்குள் எது பங்கிடத் தக்கது, எது தகாதது என்பதற்கு எழுதப்படாத ஒரு கோடு உண்டு. அது எங்கே ஓடுகிறது என்பதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன். விமானத்தில் செல்லும்போது, மார்க்கரை இயக்கும் காற்று டேங்க்கை நிரப்பியபடி கொண்டுபோக முடியாது. காலியாக்கி, ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று சோதிப்பவர் கண்ணால் பார்க்கும்படி வாயைத் திறந்து வைத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒருமுறை நான் அப்படிக் கழற்றிக் கொண்டுபோனேன். போட்டி நடக்கும் ஊரில் மீண்டும் பூட்டியபோது, இணைப்பில் இருந்த சிறு ரப்பர் வளையம் வெட்டுப்பட்டிருந்தது. காற்று நிரப்பும் இடத்தில் வைத்ததும் பாம்பு சீறுவது போல ஒரே சத்தம். 4,500 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றும் பொருளில் அவசரத்துக்கு ஒட்டுவேலை செய்ய இடமில்லை. எங்கள் முதல் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடங்கள் இருந்தன. அடுத்த கூடாரத்தில் எங்களோடு அன்று மாலை மோத வேண்டிய அணி. அவர்களுடைய பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே, தம்முடைய மாற்று டேங்க்கைக் கொண்டுவந்து என் மார்க்கரில் தாமே திருகினார். திருகிக்கொண்டே, "காலையில் ஈரக்காற்று, பெயிண்ட் கொஞ்சம் ஊதியிருக்கிறது, பெரிய துளை உள்ள பேரல் போடுங்கள்" என்றார். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சினால் குண்டு பருக்கும், குளிரில் உறை மொறுமொறுவென்று ஆகி மார்க்கரின் குழலான பேரலுக்குள்ளேயே உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைய காலைக்கு எந்த அளவு சரி என்பதை அவர்கள் தங்கள் பெயிண்டைச் செலவழித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சும்மா தந்தார். மாலையில் அவர்கள் எங்களை வென்றார்கள். என் கையில் அவர்களுடைய டேங்க்தான் இருந்தது.

அவர் எனக்கு டேங்க் தந்தார், பேரல் அளவு சொன்னார். தங்கள் அணி முதல் ஓட்டத்தில் யாரை எங்கே அனுப்பப் போகிறது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கருவி, காற்று, பெயிண்டின் குணம், தங்குமிடம், வண்டியில் ஓர் இருக்கை, காயத்துக்குக் கட்டு ஆகிய எல்லாம் பங்கிடத் தக்கவை. திட்டம் மட்டும் பங்கிடத் தகாதது. எதிராளி ஆடமுடியாமல் போய் நாம் வெல்வதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. அவன் முழு வலிமையோடு வந்து நிற்க வேண்டும், அதன் பிறகு நாம் வெல்ல வேண்டும் என்ற விருப்பத்திலிருந்துதான் அந்த டேங்க் என் கைக்கு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திட்டம் என்று சொன்னேன். உங்கள் நிலையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். பெரிய போட்டிகளில் பங்கர்கள் எப்படி அமையப் போகின்றன என்ற லேஅவுட்டைப் போட்டிக்குச் சில நாட்கள் முன்புதான் அறிவிக்கிறார்கள். அறிவித்த கணத்திலிருந்து எல்லா அணிகளும் அந்த வரைபடத்தையே தின்று, அதிலேயே தூங்குகின்றன. எந்த இடைவெளி வழியாகச் சுட்டால் ஓடுபவனை மடக்கலாம், எந்தப் பங்கரிலிருந்து எதைப் பார்க்க முடியும், ஸ்னேக்குக்கு நேரே ஓடுவதா அல்லது இடையில் ஒரு பங்கரில் நின்று போவதா என்று ஆராய்ந்து, வார இறுதியில் அதே அமைப்பைப் போட்டு மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டமும் ஆடுவார்கள். பயிற்சி ஆட்டத்தில் கண்டதை மூன்றாவது அணியிடம் சொல்லக்கூடாது என்பதும் எழுதப்படாத விதிதான், அதை மீறியவர்களோடு பிறகு யாரும் பயிற்சிக்கு வரமாட்டார்கள். நீங்களும் உங்கள் நண்பனும் நாள்தோறும் பேசிக்கொள்பவர்களாக இருந்தால், லேஅவுட் வந்த நாள் முதல் போட்டி முடியும்வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். "இந்தத் தடவை ஸ்னேக் கொஞ்சம் கஷ்டம், இல்லையா?" என்று அவன் வெள்ளை மனதோடு கேட்டாலும், நீங்கள் வெள்ளை மனதோடு பதில் சொன்னாலும், உங்கள் அணி முதல் ஓட்டத்திலேயே இருவரை இழந்தால் உங்கள் அணித்தோழர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை ஒருமுறை விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது எளிதல்ல.

இன்னொன்று, அவனுக்கு உங்கள் அணியின் சங்கேதச் சொற்கள் தெரியும். மைதானத்தில் யார் எங்கே இருக்கிறான், எத்தனை பேர் விழுந்தார்கள், எப்போது நகர வேண்டும் என்பதையெல்லாம் நாம் எண்களாலும் சொற்களாலும் கத்திச் சொல்கிறோம். நேற்றுவரை அவனும் சேர்ந்து கத்திய சொற்கள் அவை. உங்கள் தலைவர் அவற்றை மாற்றச் சொல்வார். அது அவனை நம்பாததால் அல்ல. கேட்டதைக் கேளாததுபோல் இருக்கும்படி ஒருவனைக் கேட்பதே அவனுக்குச் செய்யும் கொடுமை. சொற்களை மாற்றிவிட்டோம் என்பதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் அணியும் அவனிடம் பழைய சொற்களை எழுதித் தரச்சொல்லிக் கேட்கக்கூடும். மாற்றிவிட்டார்கள் என்று அவன் உண்மையாகவே பதில் சொல்ல வழி கிடைக்கும்.

தொழில்முறை ஆட்டத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. சான் டியேகோ டைனஸ்டி என்ற அணி, சிறுவயதிலிருந்தே சேர்ந்து ஆடிய இளைஞர்களை மையமாகக் கொண்டு 2000களின் தொடக்கத்தில் உருவாகி, உலகின் மிகப் புகழ்பெற்ற அணியாக வளர்ந்தது. அதன் முகமாகவே அறியப்பட்ட ஆலிவர் லாங், புகழின் உச்சியில் இருந்தபோது அங்கிருந்து விலகி, அவர்களுடைய பெரும் எதிரியான லாஸ் ஏஞ்சலஸ் அயர்ன்மென் அணிக்குப் போனார். ரயன் கிரீன்ஸ்பான், அலெக்ஸ் ஃப்ரேஜ் போன்ற பழைய கூட்டாளிகள் அந்தப் பக்கம் நிற்க, அவர் இந்தப் பக்கம் நின்று ஆடினார். சில பருவங்களுக்குப் பின் அவர் மீண்டும் டைனஸ்டிக்கே திரும்பினார் என்பதையும், அவர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் நான் இளைய ஆட்டக்காரர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவேன். ரஷ்யன் லீஜன் அணியில் ஒன்றாக வளர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் 2012இல் ஹூஸ்டன் ஹீட் என்ற அமெரிக்க அணியின் முதுகெலும்பாக மாறியதும் இதே வகைதான். அங்கே நட்பே அணியை மாற்றிக்கொண்டு போனது. அணி மாறுவது இந்த ஆட்டத்தில் துரோகமாக எண்ணப்படுவதில்லை. சொல்லாமல் மாறுவதுதான் மனத்தில் தங்குகிறது.

இனி கடினமான கேள்விக்கு வருகிறேன். அவனுடைய இடம் உங்களுக்குக் கிடைத்தது.

ஒரு பயண அணியில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள், ஒரு புள்ளிக்கு ஐவர்தான் இறங்குவார்கள். ஸ்னேக் பக்கம் முன்வரிசையில் ஓடுபவன் பெரும்பாலும் ஒருவன்தான். அந்த ஒருவனாக ஆவதற்கு நீங்கள் யாரோடு பயிற்சி செய்தீர்கள்? அவனோடுதான். இரண்டு பங்கர்களுக்குப் பின்னால் இருவர் நேர் எதிரே நின்று, மாறி மாறி ஒரு கண்ணும் ஒரு குழலும் மட்டும் வெளியே வருமாறு எட்டிச் சுடும் ஸ்நாப் ஷூட்டிங் பயிற்சியை எண்ணிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் அவன் உங்களுக்கு எதிரே நின்றிருப்பான்! அவன் உங்கள் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அதில் அடித்து அடித்துத்தான் உங்கள் முழங்கை உள்ளே போனது. தன் இடத்தைக் காத்துக்கொள்ள நினைத்திருந்தால் அவன் அந்தக் குறையைக் காட்டாமலே விட்டிருக்கலாம். அப்படி விடுபவர்களும் உண்டு. உடன் பயிலுபவன் முன்னேறிவிடுவானோ என்று பயிற்சியில் பாதி வேகத்தில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் இருந்த அணிகள் நெடுநாள் நிலைத்ததில்லை. உங்களை அந்த இடத்துக்குத் தகுதியாக்கியதில் அவன் கை இருக்கிறது. இதை நீங்கள் அறிந்திருந்தால் மட்டும் போதாது, அவனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கிறீர்களா?

நான் இதில் மறுபக்கத்தில் இருந்தவன். ஒரு போட்டியில், வெள்ளிக்கிழமை காலை ஆட்டங்களில் நான் இரண்டு முறை முதல் ஓட்டத்திலேயே அடிபட்டேன். மதியம் எனக்குப் பதிலாக, நான் பழக்கிவிட்ட இளையவனை இறக்கினார்கள். எனக்குப் பிட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி தயாராகும் இடத்தில், வேலை. ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓரிரு நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் வெளியே வருபவனின் ஹாப்பரை நிரப்ப வேண்டும், காலியான பாட்களை உருவிவிட்டு நிறைந்தவற்றைச் செருக வேண்டும், பேரலுக்குள் உடைந்த சாயத்தை வழிக்க வேண்டும், மாஸ்க்கின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அவன் என் முன்னால் வந்து குனிந்தான். மைக்ரோஃபைபர் துணியால் அவன் கண்ணாடியில் வழிந்திருந்த ஆரஞ்சுச் சாயத்தைத் துடைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் என்னைப் பார்க்காமல் கீழே தாழ்ந்திருந்தன. என் இடத்தில் ஆடுவதற்கு அவன் வெட்கப்படுகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நொடியில் என் நெஞ்சில் இருந்த எரிச்சலைவிட அவன் வெட்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. "பின்வரிசைக்காரன் உன் முதல் நான்கு அடிக்குத்தான் குறிவைக்கிறான், கொஞ்சம் தாமதித்து ஓடு" என்றேன். ஓடினான், ஸ்னேக்குக்குள் சேர்ந்தான், புள்ளியை எடுத்தோம். அன்று இரவு ஒரே அறையில், ஈரமான சட்டைகள் கதவிலும் நாற்காலியிலும் தொங்க, நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. பேசாமல் விட்டது என் தவறு. அவன் அந்தப் பருவம் முழுவதும் என் முன்னால் குனிந்த தலையோடே ஆடினான், அது அவன் ஆட்டத்தையும் கெடுத்தது. மூத்தவன் நான்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் யார் மூத்தவர் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இடம் கிடைத்தவர் நீங்கள், ஆகையால் பேச்சைத் தொடங்கும் கடமை உங்களுடையது. பயிற்சியாளர் எடுத்த முடிவுக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் அவனைச் சிறுமைப்படுத்துவதாக ஆகும். "உன் இடம் எனக்கு வந்தது, நீ இல்லாமல் அது எனக்கு வந்திருக்காது" என்ற அளவில் சொன்னால் போதும். அவன் கோபப்பட்டால் கோபப்படட்டும். கோபப்படுபவன் இன்னும் உறவை விடவில்லை.

பயணச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பல நட்புகள் மைதானத்தில் உடையாமல் இதில் உடைகின்றன. இந்த விளையாட்டில் ஊதியம் வாங்குபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லோரும் சொந்தக் கையிலிருந்து செலவழித்தே ஆடுகிறோம், அதில் பெரும்பங்கு பெயிண்டுக்குப் போகிறது. 2,000 குண்டுகள் கொண்ட ஒரு பெட்டி ஓர் ஆட்டத்தில் எவ்வளவு விரைவில் கரையும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய அணிக்கு அவன் கொடுத்த முன்பணமோ, நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த அறையோ, அவன் உங்களிடம் விட்டுப்போன பாட்களோ கணக்குத் தீராமல் இருந்தால் போட்டிக்கு முன் தீர்த்துவிடுங்கள்.

போட்டி நாளன்று, ஆட்டத்துக்கு முன் ஒரு தலையசைப்புக்கு மேல் வேண்டாம். அவனுக்கும் அவன் அணித்தோழர்களின் கண்கள் இருக்கின்றன. ஆட்டம் முடிந்த மணி ஒலித்ததும் பேரல் உறையை மாட்டுங்கள், மாஸ்க்கைக் கழற்றாமலே நடு வரிசைக்குப் போய் எல்லோரோடும் கைகொடுங்கள், அவனோடும் அப்படியே. வலையைத் தாண்டி வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றிய பிறகு, யார் வென்றிருந்தாலும் அவன் கூடாரத்துக்கு நீங்கள் நடந்து போங்கள். தோற்றிருந்தால் அப்போதே போங்கள். வென்றிருந்தால் அரை மணி பொறுத்துப் போங்கள். வென்றவர் முகத்தை உடனே பார்ப்பது யாருக்கும் எளிதல்ல.

ஆனால் அவனிடம் சொல்ல வேண்டியதைப் போட்டி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். லேஅவுட் வெளிவந்துவிட்டால், நான் மேலே சொன்ன ஒப்பந்தப்படி நீங்கள் இருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. இடம் கைமாறிய கதையும் ஆட்டத்தைப் பற்றியதுதான். அதனால் லேஅவுட் வருவதற்கு முன்பே அவனை அழைத்துவிடுங்கள்.